பழைய சாவேஜ் 340: வாங்கும்போதும் சுடும்போதும்

அமெரிக்கப் பண்ணைகளில் கிரவுண்ட்ஹாக் (வளை தோண்டும் பெரிய கொறிவிலங்கு) சுட, .222 ரெமிங்டன் தோட்டாவுக்கான சாவேஜ் 340 இன்றும் மலிவான நல்ல துப்பாக்கி. 1950 முதல் 1980-களின் நடுவரை வந்தது. அழகு குறைவு, வேலை சுத்தம்.

வாங்கும் முன் தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் உருளை) கழற்றிக் குழலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். குண்டு நுழையும் தொண்டைப் பகுதி கறுத்துச் சொரசொரப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். போல்ட்டின் முன்பக்கம் பூட்டுப் பல் ஒன்றே ஒன்றுதான். அதில் விரிசல் தேடுங்கள். ஹெட்ஸ்பேஸை, அதாவது பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் குழலில் தோட்டா தங்கி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை, துப்பாக்கி மெக்கானிக்கிடம் அளவி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒற்றைப் பல் என்பதால் வெடிமருந்தைக் கூட்டிப் போட்ட தோட்டா கூடவே கூடாது.

குறி சிதறினால் குழலைத் திட்டாதீர்கள். முதல் குற்றவாளி பக்கவாட்டில் மாட்டிய ஸ்கோப் மவுண்ட் (குறிபார்க்கும் தொலைநோக்கியின் பிடிமானம்). திருகுகளின் எண்ணெயைத் துடைத்து, நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு முடுக்குங்கள். அடுத்தது தோட்டா உள்ளே ஏறாமல் சிக்குவது. பெரும்பாலும் மேகசினின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) மேல் விளிம்பு உதடு வளைந்திருக்கும். மேகசின் இல்லாத துப்பாக்கிக்குப் பேரம் பேசிக் குறையுங்கள், தனியாக வாங்கினால் விலை கடிக்கும்.

குண்டைச் சுழலவைக்கும் குழலின் உள்வரிகளின் முறுக்கு 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 50 கிரெயின் (குண்டின் எடை அலகு) குண்டு பொருந்தும். 60-ஐத் தாண்டிய நீளக் குண்டுகள் தள்ளாடி, குறி அட்டையில் பக்கவாட்டுக் கிழிசல் போடும். 100 கெஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே அடிக்குமாறு வைத்தால் 200-இல் ஏறக்குறைய நடுவில் விழும். மெல்லிய குழல், ஆகவே மூன்று குண்டுக்கு ஒருமுறை ஆறவிடுங்கள்.