சேலம் கருப்பு ஆட்டு முடியில் சால்மன் டியூப் ஃப்ளை கட்டும் முறை

பவானியிலும் நொய்யலிலும் சால்மன் மீன் கிடையாது. ஆயினும் ஸ்காட்லாந்திலோ நார்வேயிலோ வேலை பார்க்கும் உறவினருக்கு ஒரு ஃப்ளை, அதாவது மீனைக் கவர முடியாலும் இறகாலும் கட்டும் போலி இரை, கட்டிக் கொடுக்க விரும்புவோரும், நுட்பமான கைவேலையில் நாட்டம் உள்ளவர்களும் வீட்டு மேசையிலேயே இதைக் கற்றுக்கொள்ளலாம். வழக்கமான ஃப்ளையில் முடியும் இறகும் தூண்டில் முள்ளின் மீதே கட்டப்படும். டியூப் ஃப்ளையில் அவை ஒரு சிறு குழாயின் மீது கட்டப்படுகின்றன. நைலான் நரம்பு குழாய்க்குள் நுழைந்து வெளிவந்து, பின்னால் தனியாக உள்ள முள்ளில் முடியப்படுகிறது. மீன் கவ்வியதும் குழாய் நரம்பின் வழியே மேலேறிவிடுவதால், நீண்ட முள் நெம்பிக் கழன்றுபோகும் தொல்லை குறைகிறது. முனை மழுங்கினால் முள்ளை மட்டும் மாற்றினால் போதும். 1945 வாக்கில் அபர்டீன் நகரின் பிளேஃபேர் நிறுவனத்தில் ஃப்ளை கட்டிவந்த மின்னி மொராவ்ஸ்கி இதை உருவாக்கியதாகக் கூறுவர்.

முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் அங்கே இரை தேடி உண்பதில்லை. ஆகவே ஃப்ளை எந்தப் பூச்சியையும் அச்சாகப் போல இருக்க வேண்டியதில்லை. நீரோட்டத்தில் நெளிந்து மீனைச் சீண்டினால் போதும். நீண்ட கருமுடி மட்டுமே கொண்ட ‘காலி டாக்’ என்ற வகை தொடக்கத்திற்கு மிகவும் ஏற்றது. புகழ்பெற்ற ‘சன்ரே ஷேடோ’வில் மயிற்பீலி இழைகளும் சேரும். நம் தோட்டங்களில் பீலி எளிதாகக் கிடைத்தாலும், மயிலிறகை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு என்பதால் அதை இங்கே விட்டுவிடுவோம்.

முடிக்குச் சேலம் கருப்பு இனக் கிடாயின் தாடியைவிடப் பொருத்தமானது நம் பக்கத்தில் இல்லை. உடம்பு முடி குட்டையாக இருக்கும். எட்டு சென்டிமீட்டர் நீளமாவது உள்ள தாடி முடியே தேவை. அதை அரப்புத் தூளில் அலசி, நிழலில் உலர்த்தி, நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாரி, அடியில் உள்ள பஞ்சு போன்ற குறுமுடியை முழுவதும் நீக்குங்கள். பஞ்சு தங்கினால் கட்டு பருத்துவிடும்.

குழாய்க்குப் பால்பாயிண்ட் பேனா ரீஃபிலின் மேற்பகுதி போதும். மை எட்டாத அந்தப் பகுதி சுத்தமாக இருக்கும். மூன்று சென்டிமீட்டர் நீளத்திற்கு, ரீஃபிலை மேசையில் உருட்டியபடியே பிளேடால் வெட்டுங்கள். பிறகு முன்முனையைத் தீக்குச்சிச் சுடரில் படாமல் அதன் அருகே ஒரு நொடி மட்டும் காட்டினால் விளிம்பு இளகிச் சற்றே வெளிப்புறம் உருளும். இந்த உருண்ட விளிம்புக்கு இரண்டு வேலை உண்டு: தலைக்கட்டு முன்னால் நழுவாமல் தடுப்பதும், நரம்பு அறுபடாமல் காப்பதும். துளை அடைபட்டுள்ளதா என்று உடனே ஊசியை விட்டுப் பார்த்துவிடுங்கள்.

கோணி ஊசியின் காதுப் பக்கத்தைச் சிறிய வைஸில் (பிடிப்புக் கருவியில்) இறுக்கி, முனையில் குழாயின் பின்முனையை முதலில் செருகி, அது சுழலாமல் நிற்கும் வரை உள்ளே தள்ளுங்கள். சுழன்றால் ஊசியில் இரண்டு சுற்று டேப் ஒட்டலாம். நூல், எம்பிராய்டரி இயந்திரத்தில் ஓடும் மெல்லிய கறுப்பு பாலியஸ்டர் நூலாக இருக்கட்டும். சாதாரணத் தையல் நூல் இதற்குத் தடிமன். விளிம்பை ஒட்டிச் சுற்றத் தொடங்கி, ஐந்து மில்லிமீட்டர் அகலத்திற்கு நெருக்கமான அடித்தளம் போடுங்கள். வழுவழுப்பான பிளாஸ்டிக்கின் மீது நேரடியாகக் கட்டிய முடி நிற்காது.

இனிதான் கவனம் தேவை. முறுக்கினால் தீக்குச்சியில் பாதித் தடிமன் வரும் அளவே முடி எடுங்கள். முதல்முறை கட்டுவோர் அனைவரும் இதைவிட அதிகமாகவே எடுப்பார்கள், அதனால் ஃப்ளை நீரில் துடைப்பம் போல விறைத்து நிற்கும். முடியின் நீளம் குழாயைப் போல இரண்டரை மடங்கு இருக்கலாம். அடித்தளத்தின் மேல் வைத்து, முதல் இரண்டு சுற்றுகளைத் தளர்வாகப் போட்டு, மூன்றாவதை நேர்கீழாக இழுத்து இறுக்கினால் முடி குழாயைச் சுற்றி நழுவாது. முன்னால் நீட்டியுள்ள அடிமுனைகளைச் சாய்வாக நறுக்கி, அதன்மேல் ஒரு சிறு துளி சூப்பர் குளூ விட்டு, உடனே நூலால் மூடுங்கள்.

தலை கூம்பு வடிவில் அமைந்ததும், தனி நூலை இரண்டாக மடித்து, அதன் வளையம் முன்விளிம்பைத் தாண்டி நீளும்படி தலைமேல் படுக்க வைத்து, கட்டு நூலால் அதன்மேல் ஆறு சுற்று சுற்றுங்கள். நூலின் முனையை வளையத்தில் கோத்து, மடிப்பின் இரு வால்களையும் பின்பக்கமாக இழுத்தால் முனை சுற்றுகளுக்கு அடியில் புதைந்துவிடும். கறுப்பு நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு பூசி, ஒவ்வொன்றையும் நன்கு உலரவிடுங்கள்.

ரீஃபிலின் மேல் இறுக்கமாக ஏறும் மென்மையான சிலிகான் குழாயில் ஒரு சென்டிமீட்டர் வெட்டி, பாதியைப் பின்முனையில் ஏற்றுங்கள். மீதிப் பாதியில் முள்ளின் காது அமரும். பத்தாம் அளவு மும்முனை முள் பொருந்தும். ஆனால் பல ஆறுகளில் ஒற்றை முள்ளோ, முனைக்குக் கீழே எதிர்முள் இல்லாத முள்ளோதான் அனுமதி என்பதால் மீன்பிடிப்பவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நம் மோயாறு பக்கம் இதைக் கொண்டுபோக வேண்டாம். அங்கு வாழும் கூன்முதுகு மாசீர், அழிவின் விளிம்பில் உள்ளதாக 2018-இல் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மீன்.

நரம்பில் கோத்துத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் இழுத்துப் பாருங்கள். முடி ஒன்றுசேர்ந்து நெளிந்தால் சரி. ஃப்ளை சுழன்றால் முடி ஒருபக்கம் கூடிவிட்டது என்று பொருள், அவிழ்த்துக் கட்டுவதே நல்லது. வசந்தகாலக் குளிர்நீரில் ஆழத்திற்கு இறங்க வேண்டுமெனில், ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் கிடைக்கும் மெல்லிய செம்புக் குழாயில் இதே முறையில் கட்டலாம். இரு முனைகளையும் நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால்) நன்கு தேய்த்து வழுவழுப்பாக்காவிட்டால் அது நரம்பை அறுத்துவிடும்.