என் புருவத்தைப் படித்த பையன்: சிறு குழந்தைகளுக்குச் சொல்லித்தருவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு டீச்சரின் ஒன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். 40 நிமிடம். அந்தப் பெண் செய்த தவறு ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் நான் செய்தது. சிலவற்றில் வார்த்தைகூட மாறவில்லை.

இத்தனைக்கும் அவர் நல்ல டீச்சர். குழந்தைகளுக்கு அவரைப் பிடிக்கும், அவருக்கும் குழந்தைகளைப் பிடிக்கும். அடிக்காதீர்கள், திட்டாதீர்கள், படிக்கும்போது டிவியை அணையுங்கள் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அக்கறை இல்லாதவர்கள் இதைப் படிக்கப்போவதும் இல்லை. அக்கறை இருப்பதாலேயே செய்கிற தவறுகள் சில உண்டு. அதிலும் ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குழந்தை சொல்லி முடிப்பதற்குள் நாம் சொல்லிவிடுவது

ஒரு சிறுமி எழுந்து நின்று வாசித்தாள். பலகையில் இருந்த சொல் ‘பொம்மை’.

“ப்… பெ…”

“பொம்மை! வெரி குட், உட்காரு.”

இதில் வாசித்தது யார்? டீச்சர். பாராட்டு வாங்கியது சிறுமி. அவள் குழப்பத்தோடு உட்கார்ந்தாள்.

அந்த ‘பெ’யைக் கொஞ்சம் பாருங்கள். ‘பொ’ என்று எழுதும்போது முதலில் ஒற்றைக்கொம்பு நிற்கிறது, நடுவில் ‘ப’, அப்புறம் துணைக்கால். வாயில் முதலில் வரவேண்டிய ஒலி நடுவில் இருக்கிறது. குழந்தையின் கண் கொம்பைத் தாண்டிப் போய் ‘ப’வைப் பிடிக்க வேண்டும், அதையும் தாண்டித் துணைக்காலைப் பார்க்க வேண்டும், முதலில் பார்த்த கொம்பை அதோடு சேர்த்து ‘ஒ’ என்று மாற்ற வேண்டும். அடுத்து ஒரு புள்ளி வைத்த எழுத்து. அதற்கடுத்த ‘மை’யிலும் குறி முன்னால்தான் நிற்கிறது. நமக்கு இதெல்லாம் கண் சிமிட்டும் வேலை. 6 வயதில் இது மலையேற்றம். ‘பெ’ என்று சொன்னபோது அவள் தப்பு செய்யவில்லை, பாதி வழியில் இருந்தாள். கால் இன்னும் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இன்னும் இரண்டு நொடி கொடுத்திருந்தால் பட்டிருக்கும்.

அந்த இரண்டு நொடியைத்தான் நாம் கொடுப்பதில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறை உரையாடல்களைப் பதிவு செய்து நேரம் பார்த்து, 1974-இல் விரிவாக எழுதினார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக 1 நொடி. அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது குழந்தைகளின் பதில் நீண்டது, பதிலே வராமல் போவது குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். அவர் சொன்ன இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. குழந்தை பதில் சொன்ன பிறகும் 3 நொடி சும்மா இருக்க வேண்டும். ‘குட்’ என்று உடனே முத்திரை குத்தினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. சும்மா இருந்தால் குழந்தை தானாகவே “இல்ல மிஸ்…” என்று திருத்த ஆரம்பிக்கும்.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். தெரியாமல் இருந்த காலத்தில் நான் கெடுத்தது என் சொந்தப் பையனை.

சாயங்காலம் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்வேன். “க…” என்பான், நிமிர்ந்து என்னைப் பார்ப்பான். “கம்பு?” என் முகத்தில் ஒன்றும் இருக்காது. “கதவு?” ஒன்றும் இருக்காது. “கப்பல்?” என் புருவம் தானாக ஏறும். உடனே உரக்க, “கப்பல்!” நானும் “என் தங்கமே” என்று கட்டிக்கொள்வேன். தினமும் ஒரு பக்கம் இப்படியே முடியும். வகுப்பில் மனப்பாடமாகச் சொல்வதிலும் குறையில்லை. நன்றாக வாசிக்கிறான் என்று நானே நம்பினேன், அதுவும் ஊரார் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தந்து சம்பளம் வாங்குகிற நான்.

மூன்றாம் வகுப்பில் கணக்கில் மதிப்பெண் இறங்கியது. கணக்கு வரவில்லை போலும் என்று கூடுதல் கணக்கு கொடுத்தேன், திட்டினேன், வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தேன். ஒருநாள் நான் அவனுக்கு முதுகைக் காட்டியபடி துணி மடித்துக்கொண்டிருந்தேன். கணக்கை உரக்கப் படிக்கச் சொன்னேன். “ஒரு… தோ…” அப்புறம் சத்தமில்லை.

“அம்மா, இங்க பாரு.”

“பாக்க என்ன இருக்கு? படி.”

“நீ பாத்தாத்தான் எனக்குப் படிக்க வரும்.”

கையில் இருந்த சட்டையோடு அப்படியே நின்றேன். அவனுக்குக் கணக்கு தெரியும். கணக்கில் எழுதியிருப்பதைத்தான் படிக்கத் தெரியவில்லை. இரண்டு வருடமாக அவன் புத்தகத்தைப் படிக்கவில்லை, என் புருவத்தைப் படித்திருக்கிறான்.

சரிசெய்ய ஒன்றரை வருடம் பிடித்தது. ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் அவமானம், தொடமாட்டான். அதனால் துண்டுச்சீட்டு எழுதினேன். ‘உன் பந்து கட்டிலுக்கு அடியில்.’ ‘அலமாரியின் மேல்தட்டைப் பார்.’ நான் பக்கத்து அறைக்குப் போய்விடுவேன். பந்து கிடைத்தால் படித்திருக்கிறான் என்று அர்த்தம். வாசிக்க உட்காரும்போது எதிரே உட்காராமல் அவன் முதுகுப் பக்கம் உட்கார்ந்தேன். ஆரம்பத்தில் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தான். அதைப் பார்க்கிற தண்டனை எனக்கு வேண்டியதுதான்.

டேவிட் ஷேர் என்ற வாசிப்பு ஆய்வாளர் 1995-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அறியாத ஒரு சொல்லைக் குழந்தை தானே எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லின் உருவம் அதன் நினைவில் கொஞ்சம் பதிகிறது. சில முறை அப்படி நடந்தபின் பார்த்ததும் படிக்க வருகிறது. நாம் எடுத்துக் கொடுத்த சொல்லுக்கு இந்தப் பதிவு அவ்வளவாக நடப்பதில்லை, அது காதுவழி வந்து காதுவழி போய்விடும். நாளைக்கு அதே சொல் புதுச் சொல்லாக வந்து நிற்கும். “நேத்துத்தானே சொன்னேன்!” என்று நாம் கத்துவது அதனால்தான். நேற்று சொன்னது நாம், அவர்கள் அல்ல.

சரி, என்ன செய்வது? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விரலை எண்ணுங்கள், ஐந்து வரை. அதற்குள் “யோசி, யோசி” என்று சொல்லாதீர்கள், அதுவும் குறுக்கீடுதான். ஐந்தும் முடிந்தபின் சொல்லைச் சொல்லாமல், ஒரு விரலால் மீதியை மூடி முதல் எழுத்தை மட்டும் காட்டுங்கள். ‘பொ’வில் சிக்கினால் துணைக்காலைத் தொட்டுக் காட்டினால் போதும். ஆட்களின் பெயர், அவர்கள் கேள்விப்பட்டே இராத சொல், இவற்றைத் தயங்காமல் சொல்லிவிடலாம். கேட்டிராத சொல்லைச் சரியாகப் படித்தோமா என்று சோதித்துப் பார்க்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. 10 சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் சிக்கினால் புத்தகத்தை மாற்றுங்கள், குழந்தையிடம் மல்லுக்கட்ட வேண்டாம்.

புது டீச்சரிடம் இதையெல்லாம் சொன்னேன். மறுநாள் அவர் கையைப் பின்னால் கட்டி நின்றார். ஒரு பையன் ‘கொக்கு’ முன்னால் திணறினான். ஒரு விரல், இரண்டு, மூன்று. நான்காவது விரலில் கடைசி பெஞ்சிலிருந்து “கொக்கு” என்று ஒரு குரல். என்னுடையதுதான். பழக்கம் அவ்வளவு சுலபத்தில் போகாது.

வீட்டுப்பாடத்தைத் தப்பில்லாமல் அனுப்புவது

மேலே சொன்ன தவறின் தங்கச்சி இது. பென்சில் ஒரு கையில், அழிரப்பர் இன்னொரு கையில் என்று பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தப்பு எழுதிய கணத்தில் அழிந்துவிடும். நோட்டு பளிச்சென்று வகுப்புக்கு வரும். வகுப்பில் அதே கேள்வியைக் கேட்டால் குழந்தை விழிக்கும்.

டீச்சருக்கு அந்த நோட்டு ஒரு கடிதம் மாதிரி. “எனக்குக் கடன் வாங்கிக் கழிப்பது புரியவில்லை” என்று குழந்தை அதில் தப்பாக எழுதிச் சொல்கிறது. நீங்கள் கடிதத்தைத் திருத்தி அனுப்பினால் எனக்கு எப்படித் தெரியும்? தப்போடு அனுப்புங்கள். ரொம்ப உறுத்தினால் ஓரத்தில் ‘இதில் அரை மணி திணறினாள்’ என்று எழுதிவிடுங்கள். ஒரு வரி போதும், அடுத்த நாள் எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

“100 வரைக்கும் சொல்லுவான் மிஸ்”

சொல்லட்டும். பாட்டும்தான் சொல்வான். கொஞ்சம் பொத்தான்களை அவன் முன் கொட்டி, “அஞ்சு எடுத்துக் குடு” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தால் எண்களின் பெயர் தெரியும், எண் தெரியாது. ஐந்து பொத்தானை அழகாக எண்ணி முடித்த குழந்தையிடம் “மொத்தம் எத்தனை?” என்று கேட்டால், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பதே தனியாகப் புரியவேண்டிய ஒன்று என்று கெல்மன், காலிஸ்டல் என்ற உளவியலாளர்கள் 1978-இல் எழுதிய நூலில் பிரித்துக் காட்டினார்கள். அதேபோல, சமமான இரண்டு வரிசையில் ஒன்றைக் கொஞ்சம் அகட்டி வைத்தால் ‘இதில்தான் நிறைய’ என்று சிறு குழந்தை சொல்லும். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே காட்டியது. அதற்குத் திட்டக் கூடாது, வயது அப்படி.

100-ஐ ஒப்பிக்க வைக்கிற நேரத்தில், “நாம நாலு பேரு, ஆளுக்கு ஒரு தட்டு வை” என்று சொல்லுங்கள். ஒரு தட்டு குறைந்தால் திரும்பிப் போய் எடுத்துவருவாள். அந்த நடையில் எண் புரியும்.

விரலுக்கு முன்னால் எழுத்து

மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக இறுகி, கடைசி எலும்பு உருவாகப் பத்து வயதை ஒட்டி ஆகிறது. இந்தக் கையில் மூன்றரை வயதில் பென்சிலைத் திணித்து, கோட்டுக்குள் நிற்கவில்லை என்று பக்கம் பக்கமாக எழுத வைத்தால், முஷ்டியால் பிடிக்கிற பழக்கம்தான் மிஞ்சும். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. களிமண் பிசையட்டும், காகிதம் கிழிக்கட்டும், மணி கோக்கட்டும், மணலில் விரலால் ‘அ’ போடட்டும். பென்சிலைக் கொடுக்கும்போது குட்டையாக ஒடித்துக் கொடுங்கள். குட்டைப் பென்சிலை முஷ்டியால் பிடிக்க இடமிருக்காது, மூன்று விரல் தானாக வந்துவிடும். இதை எனக்கு ஒரு மூத்த ஆசிரியர் சொன்னபோது சிரித்தேன். இப்போது என் மேசை இழுப்பறை முழுக்கப் பென்சில் துண்டுகள்.

3-ஐத் திருப்பி எழுதினால் பதறுவது

ஏழு வயது வரை பதறவேண்டியதில்லை. அதன்பிறகும் நீடித்து, வாசிப்பிலும் திணறல் இருந்தால் தகுந்தவரிடம் காட்டுங்கள்.

“உங்க அக்கா இப்படியா இருந்தா?”

கேட்காதீர்கள். அக்காவுக்கும் அது நல்லதில்லை.

தூக்கத்தைக் குறைத்துப் படிக்க வைப்பது

படித்தது மனதில் தங்குவதில் பெரிய பங்கு தூக்கத்துக்கு. படுக்க விடுங்கள்.

வாசிக்கத் தெரிந்ததும் வாசித்துக் காட்டுவதை நிறுத்துவது

“இனி நீயே படிச்சுக்கோ” என்று புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு எழுந்துபோகிறோம். இரண்டாம் வகுப்புக் குழந்தை தானாக எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடிய கதை, காதால் கேட்டு ரசிக்கக்கூடிய கதையைவிட ரொம்பச் சின்னது. நாம் வாசித்துக் காட்டுவதை நிறுத்தினால் பெரிய சொற்களும் நீண்ட வாக்கியங்களும் அந்த வீட்டுக்கு வருவதே நின்றுவிடும். அந்த இடைவெளி குறைய இன்னும் சில வருடம் ஆகும்.

எங்கள் வீட்டில் பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு பக்கம் அவன், மூன்று பக்கம் நான். அவன் பக்கத்தில் எத்தனை நேரம் ஆனாலும் நான் வாய் திறக்கக் கூடாது, புத்தகத்தைத் தவிர வேறெங்கும் பார்க்கக் கூடாது. திறந்தால் அபராதமாக என் பங்கு நான்கு பக்கம் ஆகிவிடும். முதல் மாதத்தில் பல இரவுகள் நான் நான்கு பக்கம் வாசித்தேன்.