பாலைவனக் கூடாரத்தோடு சிங்கப்பூர் வந்தவர்களுக்கு

மஸ்கட்டிலோ துபாயிலோ சில ஆண்டுகள் இருந்துவிட்டு வேலை மாறிச் சிங்கப்பூர் வரும் தமிழ்க் குடும்பங்களின் சாமான்களில் ஒரு கூடாரமும் வந்து இறங்குவதுண்டு. ஓமானின் வஹிபா மணல்வெளியில் பிள்ளைகளோடு இரவு தங்கப் பயன்பட்ட கூடாரம். மணலில் புதையாமலிருக்க டயர் காற்றழுத்தத்தை 15 பிஎஸ்ஐ வரை இறக்குவது, துணைக்கு இன்னொரு வண்டியைச் சேர்த்துக்கொள்வது, தலைக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் என்று எண்ணி ஏற்றுவது எல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. இங்கே வந்து மாடி வீட்டில் பெட்டிகளைப் பிரித்தபின், அந்தக் கூடாரத்தை விற்றுவிடலாமா என்று கேட்கிறார்கள். விற்க வேண்டாம். பழைய கணக்குகளில் பாதியை மட்டும் தலைகீழாகப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே கொண்டுபோகாத பொருள் கிடைக்காது. இங்கே கொண்டுபோகும் பொருளெல்லாம் நனையும்.

முதலில் வண்டி. இந்த ஊரில் கார் வைத்துக்கொள்ளப் பத்தாண்டு உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழே 100,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை)த் தாண்டியது. காரின் விலை அதற்குமேல். ஆகவே அந்த ஆசையைத் தள்ளிவையுங்கள். கூடாரம் போட அனுமதியுள்ள பூங்காக்களுக்கு எம்ஆர்டி ரயிலிலும் பஸ்ஸிலுமே போகலாம். மூட்டை அதிகம் என்றால் டாக்சி பிடியுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைக்குக் காரில் தகுந்த இருக்கை கட்டாயம். டாக்சிக்கு இதில் விலக்கு உண்டு. செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் கார்களுக்கு இல்லை. கைக்குழந்தையோடு நிற்பவர்களை ஓட்டுநர் ஏற்ற மறுத்தால் அவர்மேல் கோபப்படாதீர்கள், அபராதம் அவருக்கு.

தொடங்குவதற்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவும் பாசிர் ரிஸ் பூங்காவும் போதும். இரண்டிலும் குறிப்பிட்ட பகுதிகளில் மட்டுமே கூடாரம் போடலாம். பிடித்த மரத்தடியில் கம்பை நட்டுக்கொள்ளும் பழக்கத்துக்கு இங்கே இடமில்லை. தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதிச் சீட்டை இணையத்திலோ கட்டணம் செலுத்தும் ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்திலோ எடுக்கலாம். எந்தக் கிழமை, எத்தனை இரவு என்ற விதிகளைப் புறப்படும் முன் கழகத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் தரையில் தீ மூட்டக் கூடாது. இறைச்சி சுட வேண்டுமானால் அதற்கென்று கட்டியிருக்கும் அடுப்பைத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். அப்பாக்கள் கவனத்துக்கு: பொது இடங்களில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை மது அருந்தத் தடை, 2015 முதல். பூங்காக்களில் புகைபிடிக்கவும் 2022 ஜூலை முதல் தடை.

2024 ஜூனில் தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் ரயில் தடம் மரின் பரேட், சிக்லாப் பக்கம் நீண்டபின் ஈஸ்ட் கோஸ்ட்டுக்குப் போவது எளிதாகிவிட்டது. நிலையத்தில் இறங்கி, விரைவுச்சாலைக்கு அடியில் போகும் நடைபாதையைக் கடந்தால் கடற்கரை. சின்னப் பிள்ளைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு நான் பாசிர் ரிஸ்ஸையே சொல்வேன். பெரிய விளையாட்டுத் திடல் இருக்கிறது, அலையாத்திக் காட்டுக்குள் மரப்பாலத்தில் நடக்கலாம், நண்டு பார்க்கலாம். எங்கே போட்டாலும் கூடாரம் கழிப்பறைக்கு அருகில் இருக்கட்டும். பாலைவனத்தில் ஆளரவமற்ற இடமே நல்ல இடம். மூன்று வயதுப் பிள்ளை இரவு இரண்டு மணிக்கு எழுப்பும்போது இங்கே எது நல்ல இடம் என்று தெரிந்துவிடும்.

இனி மழை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்ரா சூறைக்காற்று' என்ற ஒன்று வரும். சுமத்ரா பக்கம் இரவில் திரளும் மேகங்கள் மலாக்கா நீரிணையைத் தாண்டி, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ நம்மேல் இறங்கும். இரவு ஒன்பது மணிக்கு வானத்தைப் பார்த்து "மழை இல்லை" என்று முடிவு கட்டுவதில் பொருளில்லை. நாலு மணிக்குக் காற்று சட்டென்று நிற்கும். கசகசப்பு போய், எதிர்த் திசையிலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று வரும். கூடாரத்தின் மேல்துணி படபடவென்று அடிக்கத் தொடங்கும். துளி விழும்வரை காத்திருக்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, சுவரும் கூரையும் உள்ள கட்டடத்துக்குப் போய்விடுங்கள். சிங்கப்பூரில் இடி மின்னல் மிக அதிகம். மரத்தடியும் கூடாரமும் மின்னலிலிருந்து காக்காது. ஓமானில் வாதியில், அதாவது காய்ந்த ஆற்றுப்படுகையில், கூடாரம் போடாதே என்று பெரியவர்கள் சொல்லியிருப்பார்களே, அதற்கு நிகரான விதி இது. மாற்றுடை, துண்டு, கைப்பேசி, கடப்பிதழ் ஆகியவற்றை நெகிழிப் பையில் கட்டித் தலைமாட்டில் வைத்திருந்தால் ஓடுவது எளிது. மற்றதெல்லாம் நனைந்தால் காய்ந்துவிடும்.

டிசம்பர் விடுமுறையில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் பிடித்துக்கொள்ளக்கூடும். பிப்ரவரி ஓரளவு வறண்டிருக்கும், ஆனால் அப்போது பள்ளி நடக்கும். என் வாக்கு மார்ச் மாத ஒருவார விடுமுறைக்கு.

பாலைவனக் குளிருக்கு வாங்கிய உறக்கப் பையை வீட்டிலேயே விடுங்கள். இங்கே இரவிலும் 25 பாகைக்கு அருகில்தான் இருக்கும், காற்றில் ஈரம் சொட்டும். ஒரு பருத்திப் போர்வை, வலைச் சன்னல் உள்ள கூடாரம், பேட்டரியில் ஓடும் சிறிய விசிறி போதும். அந்தி நேரத்தில் கடற்கரை மணல் ஈ கடிக்கும். மறுநாள்தான் தடிப்பு தெரியும், பிள்ளைகள் சொறிந்து புண்ணாக்கிவிடுவார்கள். முழுக்கால் சட்டையும் கொசு மருந்தும் ஆறு மணிக்கே தேவை. தேளுக்குப் பயந்து காலணியை உதறிப் போட்ட பழக்கத்தை விட வேண்டாம், பூரானுக்கும் அது பொருந்தும். ஈஸ்ட் கோஸ்ட்டில் எனக்குள்ள பெரிய கவலை பூச்சியோ கடலோ அல்ல, சைக்கிள் பாதை. பந்தைத் துரத்தும் பிள்ளை நேராக அதில்தான் ஓடும். வருகிறவர்கள் வேகமாக வருவார்கள்.

சமையலில் ஆசை வைக்காதீர்கள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் இரவு வரை தாங்கும். தயிர்சாதத்தை இந்தப் புழுக்கத்தில் நம்ப முடியாது. காலையில் உணவங்காடிக்கு நடந்துவிடுங்கள்.

இரண்டொரு முறை தேறியபின் புலாவ் உபின் தீவு. காடும் இருட்டும் வேண்டும் என்கிறவர்களுக்குப் பாலைவனத்துக்கு அருகில் வரும் இடம் இதுவே. சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு புறப்படும். கட்டணத்துக்குச் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தீவில் ஜெலுத்தோங் முகாம் இடம் படகுத்துறையிலிருந்து நடக்கும் தூரம், மாமாம் என்ற இன்னொரு முகாம் இடம் உள்ளே தள்ளி இருக்கிறது. பிள்ளைகளோடு என்றால் ஜெலுத்தோங். குடிநீரை இங்கேதான் பழையபடி கணக்கிட்டுத் தூக்க வேண்டும். காட்டுப்பன்றியும் குரங்கும் நெகிழிப் பையின் ஓசைக்கே வந்துவிடும். உணவைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள், பிள்ளைகளை அவற்றுக்கு ஊட்டவும் விடாதீர்கள். வனவிலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. எதிர்க்கரை ஜோகூர் என்பதால் கைப்பேசி மலேசியச் சேவைக்குத் தானாகத் தாவும். படகில் ஏறும்போதே ரோமிங்கை அணைத்துவிடுங்கள். ஞாயிறு மாலை திரும்பும் வரிசை நீளமாக இருக்கும், பகலுணவுக்கு முன்பே படகேறிவிடுங்கள்.