சித்தப்பா லேப்டாப்பில் மூன்று ஆன்டிவைரஸ்: நமக்கு எது தேவை?

போன மே மாதம், வேலூர் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். "லேப்டாப் ஆன் பண்ணிட்டு போய் டீ குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கினே இருக்குதுப்பா. வெயிலுக்கு சூடாயிடுச்சா?" என்றார்.

போய்ப் பார்த்தேன். வெயில் மீது குற்றமில்லை. லேப்டாப்போடு வந்த ட்ரையல் (கொஞ்ச நாள் மட்டும் ஓடும் இலவசப் பதிப்பு) ஒன்று, கடைக்காரர் ஒருவர் "இது இல்லாம நெட் பக்கமே போகாதீங்க" என்று தலையில் கட்டியது ஒன்று, ஏதோ இலவச சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வந்தது ஒன்று. 4 ஜிபி ரேமில் மூன்று ஆன்டிவைரஸ்! சித்தப்பா அதில் செய்வதெல்லாம் கைலி வியாபாரக் கணக்கும் ஜிஎஸ்டி பில்லும்தான்.

அன்று செய்ததை வரிசையாக எழுதுகிறேன். விண்டோஸ் 11-ஐ வைத்துச் சொல்கிறேன். 10-லும் ஏறக்குறைய இதே வழிதான்.

படி 1: இப்போது காவலில் யார்?

ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறங்கள். 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடக்‌ஷன்' உள்ளே போனால் 'மேனேஜ் ப்ரொவைடர்ஸ்' என்று ஒரு இணைப்பு இருக்கும். எந்த ஆன்டிவைரஸ் ஓடுகிறது, எது அணைந்து கிடக்கிறது என்று அதில் தெரியும்.

சித்தப்பாவின் ட்ரையல் எப்போதோ காலாவதி. ஆனால் ஐகான் மட்டும் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. வேலூரைப் பற்றி ஒரு சொலவடை உண்டே, தண்ணீர் இல்லாத ஆறு, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று. (கோயிலுக்கு 1981-ல் சாமி திரும்பிவிட்டார். பாலாறுதான் பாவம்.) காலாவதியான ஆன்டிவைரஸ் அந்தக் கோட்டை மாதிரி. மதிலும் அகழியும் ஜோராக இருக்கும், காவலுக்கு ஆள் இருக்காது. புது வைரஸ்களின் அடையாளம் அப்டேட்டில்தான் வருகிறது. அது நின்றால் பழைய திருடன் முகம் மட்டும்தான் அதற்குத் தெரியும்.

படி 2: ஒன்றை விட்டுவிட்டு மற்றதை நீக்குங்கள்

நீங்கள் ஒரு ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் ஆன்டிவைரஸ் நடுவில் நின்று சோதிக்கிறது. இரண்டு பேர் நின்றால் ஒரே ஃபைலுக்கு இரண்டு சோதனை. சில நேரம் ஒன்று மற்றொன்றையே சந்தேகப்படும். பாதுகாப்பு இரட்டிப்பாகாது, வேகம்தான் பாதியாகும்.

செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்று போய் அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் கொடுங்கள். அடம்பிடித்தால் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே நீக்குவதற்கென்று தனிக் கருவி கிடைக்கும். வெளியிலிருந்து போட்டவை எல்லாம் போனதும் விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் தானாகவே காவலுக்கு வந்துவிடும்.

இந்த சாஃப்ட்வேர்கள் கணினியின் அடிமட்டம் வரை கை வைப்பவை. 2024 ஜூலையில் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரே ஒரு பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. அது கம்பெனிகளுக்கான சாஃப்ட்வேர்தான். ஆனாலும் வீட்டில் தேவைக்கு மேல் ஒன்றைச் சேர்க்கும்போது எனக்கு அந்த ஞாபகம் வரும்.

படி 3: டிஃபெண்டர் போதுமா?

பெரும்பாலான வீடுகளுக்குப் போதும் என்பது என் கருத்து. என்னை நம்ப வேண்டாம். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய இரண்டு ஆய்வகங்களும் முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட்டில் மூன்று பாடம், தலா 6 மதிப்பெண்: வைரஸைப் பிடிப்பது, கணினியை மெதுவாக்காமல் இருப்பது, நல்ல ஃபைலைத் தவறாகப் பிடிக்காமல் இருப்பது. சமீப ஆண்டுகளில் டிஃபெண்டர் பல சுற்றுகளில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறது. ஒரே ஒரு சுற்றைப் பார்க்காமல் நாலைந்து சுற்று பாருங்கள்.

டிஃபெண்டரில் ஒரு நல்ல வசதி தூங்கிக்கொண்டிருக்கும். 'ரான்சம்வேர் புரொடக்‌ஷன்' (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்தான் ரான்சம்வேர்) பகுதியில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்'. போட்டுவிட்டால், தெரியாத புரோகிராம் எதுவும் உங்கள் டாக்குமென்ட்ஸ், போட்டோ ஃபோல்டர்களில் கை வைக்க முடியாது. முதல் நாள் உங்கள் கணக்கு சாஃப்ட்வேரையே தடுத்தாலும் தடுக்கும்; பதறாமல் அதை அனுமதிப் பட்டியலில் சேருங்கள்.

இன்னும் விண்டோஸ் 10-ல் இருப்பவர்கள் கவனிக்க: 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. கூடுதல் அப்டேட் திட்டத்தில் சேராவிட்டால் விண்டோஸின் ஓட்டைகள் அடைபடாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, அதைத் தடுக்கும் அப்டேட் அந்த மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள்.

படி 4: காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்றால்

தப்பில்லை. போனில் கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும், பிள்ளைகள் பார்ப்பதைக் கட்டுப்படுத்த வேண்டும், வீட்டில் நாலு கணினி இருக்கிறது என்றால் வாங்கலாம். புனேயின் குவிக் ஹீல், சென்னையின் கே7 எல்லாம் நம் ஊர்க்காரர்களுடையவை. எதுவானாலும் ஆய்வக மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு, இரண்டாம் வருட விலையைப் பாருங்கள். முதல் வருடம் ஆடித் தள்ளுபடி மாதிரி இருக்கும். ஆட்டோ ரினியூவல் போட்டிருந்தால் அடுத்த வருடம் முழு விலையும் கார்டிலிருந்து போகும். விபிஎன் (நெட்டில் போய்வருவதை மறைக்கும் வசதி), கிளீனர் என்று சேர்த்து விற்பதை விலையேற்றச் சாக்காகவே நான் பார்க்கிறேன்.

இலவசம் என்பதற்காகவும் மயங்க வேண்டாம். இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட், பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற தகவலைத் தன் துணை நிறுவனம் வழியாக விற்றது. 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அதற்கு 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது.

படி 5: வேலை செய்கிறதா?

'ஐக்கார் டெஸ்ட் ஃபைல்' என்று தேடுங்கள். 68 எழுத்து கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத ஃபைல். ஆன்டிவைரஸ்காரர்கள் சோதனைக்காகவே ஒத்துக்கொண்டு வைத்திருப்பது. டவுன்லோட் செய்தவுடன் உங்கள் காவல்காரர் கத்த வேண்டும். கத்தவில்லையா, முதல் படிக்குத் திரும்புங்கள்.

அப்புறம் பென்டிரைவ். ஜெராக்ஸ் கடையில் செருகிவிட்டு வந்தால், திறக்கும் முன் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். ஃபைலெல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் எதையும் கிளிக் செய்யாதீர்கள். ஃபைல்கள் பெரும்பாலும் உள்ளேயே மறைந்துதான் இருக்கும், அழிந்திருக்காது.

எல்லாம் முடிந்தும் சித்தப்பாவின் திரை மூலையில் "உங்கள் கணினியில் வைரஸ், உடனே ரினியூ செய்யவும்" என்று வந்துகொண்டே இருந்தது. அது ஆன்டிவைரஸ் சொல்வது இல்லை; எப்போதோ ஒரு தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கேட்டபோது 'அலோ' அழுத்தியதன் பலன். அதில் வரும் நம்பருக்குப் போன் செய்யக் கூடாது. ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். குரோம் செட்டிங்ஸில் 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போய், தெரியாத தளங்களை எல்லாம் நீக்கிவிடுங்கள். சித்தப்பா லேப்டாப்பில் அப்படிப் பதினொன்று இருந்தன. அதில் ஒன்று ராசிபலன் தளம். அதை மட்டும் விடச் சொன்னார்.