நுரைக்காத தண்ணீரில் கை கழுவுவது

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் லேசில் நுரைக்காது. சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருகிற தண்ணீர். அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து வெள்ளைக் கசடாகிவிடும். கோண்டாவிலில் எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் நுரை வரவில்லையென்று பாதியிலேயே கையை உதறிவிட்டு ஓடப் பார்ப்பார்கள். நான் விடுவதில்லை. நுரை குறைந்தாலும் தேய்க்கிற நேரம் குறையக் கூடாது.

ஓடும் தண்ணீரில் கையை நனையுங்கள். பைப் இல்லாத கிணற்றடியென்றால் ஒருவர் செம்பால் வார்க்க மற்றவர் கழுவட்டும். வாளிக்குள் கையை விட்டு அலசினால் அடுத்தவருக்கு மிஞ்சுவது அந்த ஊத்தைத் தண்ணீர்தான். சுடுதண்ணீர் தேவையில்லை. கை வழவழக்கும் வரை சவர்க்காரம் போடுங்கள். எங்கள் தண்ணீருக்குக் கொஞ்சம் கூடவே வேண்டும். அப்புறம் பைப்பைப் பூட்டிவிட்டு, குறைந்தது 20 விநாடி தேயுங்கள். உள்ளங்கையை எல்லாரும் தேய்ப்பார்கள். தப்பிப்போவது பெருவிரலும் விரலிடுக்கும் புறங்கையும் நகக்கண்ணும். விரல் நுனிகளைக் கூட்டி மற்றக் கையின் உள்ளங்கையில் சுழற்றித் தேய்த்தால் நகத்தடி சுத்தமாகும். புட்டையும் சோற்றையும் குழைத்துச் சாப்பிடுகிற எங்களுக்கு அந்த நுனிதானே வாய்க்குள் போகிறது! நகத்தை ஒட்ட வெட்டி வையுங்கள்.

கழுவின தண்ணீர் கிணற்றுக் கட்டோரம் தேங்காமல் வாழையடிக்கு ஓடட்டும்.

சாப்பிட்ட பிறகு மீன்குழம்பு வாசம் போகவேண்டுமென்று நன்றாகக் கழுவுகிறோம். சாப்பிட முன்னர் வலது கையை மட்டும் வெறும் தண்ணீரில் நனைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். எனக்குப் பெரிய கவலை இதுதான். நெருப்புக்காய்ச்சல் (டைஃபாய்டு) கிருமி நோயாளியின் மலத்திலிருந்து கை வழியாகச் சாப்பாட்டுக்கு வந்துவிடும். ஆகவே மலசலகூடம் போய்வந்தால், குழந்தைக்குக் கால் கழுவிவிட்டால், சமைக்கத் தொடங்கமுன், சாப்பிடமுன் சவர்க்காரம் கட்டாயம். மீனோ கோழியோ வெட்டின கையைக் கழுவாமல் சம்பலுக்குத் தேங்காய்ப்பூவைத் தொடாதீர்கள்.

துடைக்கிற துவாய் காய்ந்ததாக இருக்க வேண்டும். குசினியில் நாள் முழுக்க ஈரமாகத் தொங்குகிற துணியில் துடைப்பதைவிட, கையைக் காற்றில் காயவிடுவது நல்லது.

பஸ்ஸில் போகும்போது சனிடைசர் உதவும். 60 சதவீதமாவது அல்கஹோல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். எண்ணெயோ மண்ணோ ஒட்டின கையில் அது சரியாக வேலை செய்யாது. அப்போது தண்ணீரும் சவர்க்காரமும்தான் வேண்டும்.