பேப்பர் போட்டாச்சா? செட்டில்மென்ட்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இத படிங்க

எங்க அக்கா வீட்டுக்காரர் மணலி பக்கம் ஒரு கம்பெனில 11 வருஷம் 7 மாசம் வேலை பார்த்தாரு, பொங்கல் முடிஞ்சு பேப்பர் போட்டாரு. ஒரு நாள் சாயங்காலம் தண்டையார்பேட்டைல எங்க வீட்டுக்கு வந்து, "ஆபீஸ்ல மொத்தமா ஒரு அமௌண்ட் சொல்றாங்கடா, நாளைக்கு கையெழுத்து போட வர சொல்லிட்டாங்க"ன்னாரு. எதுக்கு எவ்ளோ மாமா பிரிச்சு குடுத்தாங்களான்னு கேட்டேன், அது தெரியாதுன்னாரு. நம்ம ஏரியால பாதி பேரு ஏமாறுறது இந்த இடத்துல தான், செட்டில்மென்ட்னு ஒரே வார்த்தைல எல்லாத்தையும் மூட்டை கட்டி குடுத்துடுவாங்க, நம்மளும் வர்ற காசு வந்தா போதும்னு வாங்கிட்டு வந்துருவோம்.

அதனால மொத வேலை, பிரிச்சு எழுதி கேளுங்க. கடைசி மாச சம்பளம், மிச்சம் இருக்குற லீவுக்கு காசு, அந்த வருஷத்து போனஸ், கிராஜுட்டி (இத்தன வருஷம் வேலை பார்த்ததுக்கு தர்ற பணிக்கொடை), இது நாலும் கம்பெனி கைல இருந்து வரணும். பி.எஃப் தனி, அது ஏற்கனவே உங்க பேர்ல இருக்குற பணம், செட்டில்மென்ட்ல அதையும் சேர்த்து பெருசா காட்டுனா ஒத்துக்காதீங்க.

இதுல பெரிய தொகை கிராஜுட்டி தான், அத நல்லா புரிஞ்சுக்கங்க. 10 பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்ற இடத்துல 5 வருஷம் தொடர்ந்து இருந்தா குடுத்தே ஆகணும், நீங்களா பேப்பர் போட்டாலும் உண்டு. 1972ல வந்த சட்டம் இது, 2025 நவம்பர் 21லேருந்து புது சமூகப் பாதுகாப்பு சட்டத்துக்குள்ள போயிருச்சு, ஆனா கணக்கு போடுற முறை அதே தான். கடைசியா வாங்குன மாச பேசிக்கையும் (அடிப்படை சம்பளம்) டி.ஏவையும் (அகவிலைப்படி) கூட்டி, 26ஆல வகுத்து, 15ஆல பெருக்கி, அப்புறம் எத்தன வருஷமோ அதால பெருக்கணும். கடைசில 6 மாசத்துக்கு மேல உதிரியா இருந்தா அதுவும் ஒரு முழு வருஷம்.

மாமாவுக்கு பேசிக்கும் டி.ஏவும் சேர்த்து 18,200. காலண்டர் தாள் பின்னாடி போட்டோம். 26ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 700, 15 நாளைக்கு 10,500, 7 மாசத்த சேர்த்தா 12 வருஷம், ஆக 1,26,000. அவங்க சொன்னது 1,00,100. எப்படி வந்துச்சுன்னு திருப்பி திருப்பி போட்டு பார்த்தா, 26க்கு பதிலா 30ஆல வகுத்துருக்காங்க, 7 மாசத்தையும் வெட்டிருக்காங்க. 25,900 ரூபா போயிருக்கும், புள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ் அது!

பேசிக்க கம்மியா வெச்சு மிச்சத்த எல்லாம் அலவன்ஸ்னு போட்டு குடுக்குற கம்பெனிங்க இருக்கு. புது சட்டத்துல அலவன்ஸ் மொத்த சம்பளத்துல பாதிக்கு மேல போனா, மேல போற அளவ சம்பளக் கணக்குல சேர்க்கணும்னு இருக்கு, அதனால சம்பள சிலிப்ப எடுத்து வெச்சு இதையும் பாருங்க. இத்தன வருஷம்னு எழுதி காண்ட்ராக்ட்ல எடுத்தவங்களுக்கு இப்ப 1 வருஷம் முடிச்சாலே வேலை பார்த்த காலத்துக்கு ஏத்த கிராஜுட்டி உண்டு. 5 வருஷம் முடியுறதுக்கு கொஞ்ச நாள் தான் பாக்கின்னு இருக்குறவங்க மனசு விட்டுறாதீங்க, 4 வருஷம் முடிச்சு அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை பார்த்திருந்தா போதும்னு நம்ம சென்னை ஐகோர்ட்டே சொல்லிருக்கு. வேலைல இருக்கும்போதே ஒருத்தர் இறந்துட்டா இந்த 5 வருஷ கணக்கே கிடையாது, குடும்பத்துக்கு சேரணும், இது தெரியாம விட்ட வீடுங்கள பார்த்திருக்கேன், மனசு கேக்கல.

நோட்டீஸ் குடுக்காம நின்னுட்ட, அதனால கிராஜுட்டி இல்லன்னு மிரட்டுவாங்க. அப்படி நிறுத்த முடியாது. நோட்டீஸ் காசு பிடிக்கணும்னா அது வேற விஷயம், அப்பாயின்மென்ட் ஆர்டர்ல என்ன எழுதிருக்கோ அத பாருங்க. கம்பெனி சொத்துக்கு சேதம் பண்ணது, வேலை இடத்துல அடிதடி, இந்த மாதிரி காரணத்துக்காக வேலைய விட்டு தூக்குனா மட்டும் தான் கிராஜுட்டில கை வைக்க முடியும்.

லீவும் போனஸும் சீக்கிரம் சொல்லிடுறேன். ஃபேக்டரில 20 நாள் வேலைக்கு 1 நாள்னு சம்பளத்தோட லீவு சேரும், எடுக்காதத காசா கேளுங்க. போனஸ் தீபாவளி நேரத்துல வேலைல இருக்குறவங்களுக்கு மட்டும்னு சொல்வாங்க, இல்ல, அந்த வருஷத்துல 30 நாள் வேலை பார்த்திருந்தாலே அதுக்கு ஏத்த பங்கு உண்டு, குறைஞ்சது சம்பளத்துல 8.33 சதவீதம். பாக்கி சம்பளம், வேலைய விட்டு 2 வேலை நாளுக்குள்ள வரணும், கிராஜுட்டி 30 நாளுக்குள்ள.

பி.எஃப்ல அவசரப்படாதீங்க. வெளிய வந்த தேதிய கம்பெனி போட்டுச்சான்னு யூ.ஏ.என் (உங்க பி.எஃப் நம்பர்) போர்ட்டல்ல பாருங்க, போடலன்னா 2 மாசம் கழிச்சு நீங்களே போட்டுக்கலாம். வேற வேலைக்கு போறீங்கன்னா பணத்த எடுக்காம அங்க மாத்திக்கங்க, ஏன்னா பி.எஃப்போட சேர்ந்த பென்ஷன் திட்டத்துல 10 வருஷம் சர்வீஸ் ஆயிட்டா 58 வயசுல மாசா மாசம் பென்ஷன் வரும், எட்டு ஒம்பது வருஷத்துல அந்த பென்ஷன் பணத்த எடுத்து செலவு பண்ணிட்டு அப்புறம் வருத்தப்படுறவங்க திருவொற்றியூர்ல தெருவுக்கு ரெண்டு பேர் இருப்பாங்க.

சரி, தரலன்னா? மொதல்ல எழுத்துல கேளுங்க, வாய்ல பேசுனது நிக்காது. லெட்டர் ரெண்டு காப்பி, ஒண்ணுல ஆபீஸ் சீல் வாங்குங்க, சீல் போட மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல ரிஜிஸ்ட்ரேஷன் போட்டு அனுப்புங்க. அதுக்கும் அசையலன்னா தொழிலாளர் துறை தான். விம்கோ நகர்லேருந்து மெட்ரோல நேரா ஏஜி-டிஎம்எஸ்ல இறங்குனா அந்த வளாகத்துலயே ஆபீஸ் இருக்கு, கிராஜுட்டிக்கு உங்க ஏரியா அதிகாரி யாருன்னு கேட்டு மனு குடுங்க, லேட்டான நாளுக்கு வட்டியும் சேர்த்து கேளுங்க. ஹார்பர், ரயில்வே, பல மாநிலத்துல கிளை இருக்குற கம்பெனின்னா மத்திய அரசு தொழிலாளர் ஆபீஸ், அது நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன்ல. பெரம்பூர் மில்லுக்காரங்க 1918லயே சங்கம் வெச்ச ஊரு இது, கேக்குறதுக்கு கூச்சமே வேணாம்.

மாமா மறுநாள் கையெழுத்து போடல. "முழுசா பெற்றுக்கொண்டேன், இனி எந்த பாக்கியும் இல்லை"ன்னு இருந்த வரிய காட்டி, கணக்க சரி பண்ணுங்க, பணம் பேங்க்ல ஏறுன அப்புறம் போடுறேன்னு சொல்லிட்டு, நாங்க போட்ட கணக்க லெட்டரா குடுத்து சீல் வாங்கிட்டு வந்தாரு. நீங்க ஒருவேளை ஏற்கனவே போட்டுட்டீங்கன்னாலும் கிராஜுட்டி கொறஞ்சிருந்தா கேக்கலாம், கையெழுத்து வாங்கி அந்த உரிமைய பறிக்க முடியாது. அவருக்கு மூணு வாரத்துல 1,26,000 ஏறிடுச்சு. அந்த சீல் போட்ட காப்பி, அப்பாயின்மென்ட் ஆர்டர், சம்பள சிலிப்பு எல்லாத்தையும் அக்கா இப்ப ரேஷன் கார்டு வெச்சிருக்குற பையிலயே போட்டு வெச்சிருக்கு.