எத்தனை உபரி மின்நிலையம் போதும்? ஒரு தாளில் போட்டுப் பார்க்கும் கணக்கு

ஜூன் மாதம் கரண்ட் போனால் தில்லியில் ஆர்.கே.புரம், மயூர் விகார் பக்கம் நம்மவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “இன்னும் நாலு பவர் ஸ்டேஷன் கட்டவேண்டியதுதானே?” கட்டலாம். சும்மா நின்றாலும் அதற்குக் காசு, நம் பில்லில்தான் வரும். எது போதும் என்று பார்க்க கால்குலேட்டர் இருந்தால் சரி.

படி 1: உச்சத் தேவை

சராசரி உதவாது. தில்லியின் தேவை 2024 ஜூன் 19 அன்று 8,656 மெகாவாட்டைத் தொட்டது. கோடையில் இங்கே மதியம் ஓர் உச்சம், ஏசி ஓடும் நள்ளிரவில் இன்னொன்று. இரண்டாவதற்கு சோலார் கைகொடுக்காது. நம் கணக்குக்கு ஒரு கற்பனை ஊர்: ஆண்டில் 1,000 மணி நேரம் 900 மெகாவாட் தேவை, மற்ற நேரம் தட்டுப்பாடு இல்லை.

படி 2: பழுது

எந்திரம் ஒவ்வொன்றும் 200 மெகாவாட், 10% நேரம் பழுதில் கிடக்கும் என்று வையுங்கள். அனல் நிலையத்தில் பாய்லர் குழாய் ஒன்று ஓட்டையானால் போதும். நிறுத்தி, ஆறவைத்து, வெல்டிங் முடிக்க நாட்கள் ஆகும்.

படி 3: எந்திரங்களைக் கூட்டுங்கள்

900-க்கு ஐந்து எந்திரம் ஓடியே ஆகவேண்டும். ஐந்தே இருந்தால் எல்லாம் ஓட வாய்ப்பு 0.9 × 0.9 × … ஐந்து முறை, அதாவது 59%. மீதி 41% நேரம் மின்வெட்டு! ஐந்துக்கும் குறைவாக ஓடி மின்வெட்டு வரும் நேரம், ஆறு வைத்தால் 11.4%, ஏழு வைத்தால் 2.6%, எட்டு வைத்தால் 0.5%. எந்திரத்தின் விலை அதேதான். பலன் மட்டும் சுருங்கிக்கொண்டே போகிறது.

படி 4: ரூபாயாக்குங்கள்

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஓர் எந்திரத்தைத் தயாராக வைத்திருக்க ஆண்டுக்கு 40 கோடி என்று வைப்போம். ஏழாவது எந்திரம் அந்த 1,000 மணி நேரத்தில் சுமார் 1.17 கோடி யூனிட் வெட்டைத் தடுக்கும். யூனிட்டுக்கு 34 ரூபாய். எட்டாவது தடுப்பது 26 லட்சத்துக்கும் குறைவு. யூனிட்டுக்கு 156 ரூபாய்!

இது அதிகமா? டீசல் ஜெனரேட்டரோடு ஒப்பிடுங்கள். லிட்டருக்கு மூன்று, மூன்றரை யூனிட். எண்ணெய்க்கே 25 முதல் 30 ரூபாய். பராமரிப்பையும் சேர்த்தால் ஏழாவது கட்டுப்படியாகும். எட்டாவதை நான் வாங்கமாட்டேன்.

படி 5: மிச்ச இடைவெளி

தேவைக்கு மின்சாரம் போதாமல் போகும் நேரத்துக்கு மத்திய மின்சார ஆணையம் தேசிய மின்திட்டத்தில் வைத்த வரம்பு 0.2%, ஆண்டுக்குச் சுமார் 17.5 மணி நேரம். ஏழு எந்திரத்தில் நமக்கு 1,000 மணி நேரத்தில் 2.6%, அதாவது 26 மணி நேரம். இந்த எட்டரை மணி நேரத்துக்காக முழு எந்திரமா? தில்லி விநியோக நிறுவனங்கள் குளிர்கால உபரியை மலை மாநிலங்களுக்குக் கொடுத்து, கோடையில் திரும்ப வாங்குகின்றன. ரோகிணியில் 2019 முதல் 10 மெகாவாட் பேட்டரி இருக்கிறது. கேட்டால் லோடைக் குறைக்கச் சம்மதிக்கும் ஆலைகளுக்குச் சலுகை கொடுப்பது இன்னும் மலிவு.

படி 6: கணக்கைச் சோதியுங்கள்

2012 ஜூலை இறுதியில் வட இந்தியா இருண்டதற்குக் காரணம் மின்சாரம் கடத்தும் தடங்களில் ஏறிய சுமை. அதை உபரி நிலையம் தீர்க்காது. இன்னொன்று, வெயிலில் எந்திரங்கள் சேர்ந்தே படுக்கும். பழுதை 10-இலிருந்து 15% ஆக்கிப் பாருங்கள்: ஏழு எந்திரத்தின் 2.6%, 7.4% ஆகிவிடும்.